கூர்க்கன் கிழங்கும் ஏழு நிபந்தனைகளும்

சென்ற ரஜப் மாதத்தில் ஒரு நாள், மஃரிபுத் தொழுகைக்குப் பின்னர், நம் தமையனார் ஒரு சிறு மருந்துப் புட்டியை நம் முன் வைத்தார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மருமகன் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது அது. உடற்பருமனைக் குறைக்கும், இதயத்திற்கு வலுவூட்டும் என்று அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. "தம்பி, இந்த மாத்திரையின் கூடு எதில் செய்தது? ஹலால்தானா? நீதான் கிதாபைப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

கூடு தாவர நாரினால் ஆனது என்று புட்டியிலேயே எழுதியிருந்தது. ஆகவே ஜெலட்டின் பற்றிய பழைய விவாதத்திற்கு அங்கே இடமில்லை. ஆயின் உள்ளிருக்கும் தூளின் பெயரைப் படித்ததும் நாம் வியப்படைந்தோம். கோலியஸ் ஃபோர்ஸ்கோலி என்னும் செடியின் வேர்ச்சாறு, 10 விழுக்காடு ஃபோர்ஸ்கோலின் அடங்கியது என்று குறிக்கப்பட்டிருந்தது. சேலம் மாவட்டத்தின் ஆத்தூர், தலைவாசல் பகுதிகளில் மருந்துக்கூர்க்கன் என்னும் பெயரில் பயிரிடப்பட்டுவரும் செடியே அது. தமையனார் வீட்டிலிருந்து அரைமணி நேரம் நடந்தால், சில ஆண்டுகளுக்கு முன் அது விளைந்த வயலையே காட்டிவிடலாம்.

பன்னிரண்டு நாட்களாக அவர் அதனை உண்டு வந்திருந்தார். இரத்த அழுத்தத்திற்கு ஒரு மாத்திரையும் இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் ஏற்கெனவே உண்டு வருபவர் அவர். ஸுஜூதிலிருந்து எழும்போது சில நாட்களாகத் தலை கிறுகிறுப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கேட்க வேண்டியது கூட்டைப் பற்றி மட்டுமன்று என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. ஒரு மூலிகையின் சாற்றில் என்ன இருக்கிறது? அஃது உடலில் என்ன செய்கிறது? செய்வதாகச் சொல்லப்படுவதை எவ்வாறு சோதித்தறிவது? இம்மூன்றையும் நம்மூர்க் கிழங்கு ஒன்றைக் கொண்டே விளக்க முற்படுகிறோம்.

பெயரும் பெயருக்குரியவரும்

ஃபோர்ஸ்கோலி என்னும் பெயர் அரபு படித்தோர் அறிந்திருக்கத்தக்க ஒருவரின் நினைவாக ஏற்பட்டது. பீட்டர் ஃபோர்ஸ்கால் 1732இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். தாவர இயலின் பேராசான் லின்னேயஸின் மாணவர். டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃபிரெடெரிக் அனுப்பிய அறிஞர் குழுவில் இடம்பெற்று, 1761 ஜனவரியில் கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்டு எகிப்து வழியாக ஏமன் சென்றார். அரபு மொழியில் அவருக்குப் பயிற்சி இருந்தது. செடிகளைத் தொகுக்கும்போது அவ்வவ்வூர் மக்கள் வழங்கிய அரபுப் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். 1763 ஜூலை 11ஆம் நாள், ஏமனின் யரீம் நகரில் மலேரியாக் காய்ச்சலால் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 31. அக்குழுவில் உயிருடன் ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. மறைந்த தோழரின் குறிப்புகளை 1775இல் நூலாக வெளியிட்டவரும் அவரே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபோர்ஸ்காலின் பெயர் உண்மையில் ஏமனில் அவர் கண்ட வேறோர் இனத்திற்கே உரியது என்று தாவர இயலார் பின்னர் தெளிந்தனர். நம்மூர்ச் செடிக்கு இன்று ஏற்கப்பட்டுள்ள பெயர் கோலியஸ் பார்பேட்டஸ் என்பது. இடையில் பிளெக்ட்ராந்தஸ் பார்பேட்டஸ் என்றும் வழங்கிற்று. வணிகர்களோ இன்றும் பழைய பெயரையே அச்சிடுகின்றனர். தமிழிலும் மயக்கத்திற்குக் குறைவில்லை. மலையாள நாட்டில் கூர்க்க என்று கறி சமைக்கும் சிறுகிழங்கு இதற்கு உறவான வேறோர் இனம். நம் வீட்டு முற்றத்துக் கற்பூரவள்ளியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. குஜராத்திலோ இச்செடியையே கர்மர் என்றழைத்து ஊறுகாய் போடுகின்றனர்.

பதினோராம் நூற்றாண்டினரான அல்பீரூனி தம் 'கிதாபுஸ் ஸைதனா'வில் மருந்துப் பொருள் ஒவ்வொன்றிற்கும் கிரேக்கம், ஸிரியாக், பாரசீகம், இந்திய மொழிகள் ஆகியவற்றில் வழங்கும் பெயர்களைத் தேடித் தேடித் திரட்டியிருப்பதன் காரணம் இங்கே விளங்கும். பெயர் பிழைத்தால் மருந்து பிழைக்கும். மூலிகை ஆய்வின் முதற்படி அதன் பெயரை உறுதி செய்வதே.

சாறு என்பது ஒன்றன்று

மூலிகைச் சாறு என்னும் சொல் ஒரே பொருளைக் குறிப்பதுபோல் தோன்றும். நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. பிழிந்தெடுத்தது உஸாரா, காய்ச்சிக் குழம்பாக இறுக்கியது ருப்பு, வாலையில் வடித்தது வேறு. ஹிஜ்ரி 646இல் (1248) டமாஸ்கஸில் மறைந்த மாலகா நகரத்து இப்னுல் பைத்தார் 1,400 அளவிலான மருந்து, உணவுப் பொருள்களைத் தம் 'அல்ஜாமிஃ'யில் அகர வரிசைப்படுத்தியபோது, ஒரே செடியின் வேர், இலை, விதை, சாறு ஆகியவற்றின் குணங்களைப் பிரித்தே எழுதினார். எப்பகுதியிலிருந்து, எம்முறையில் எடுத்தது என்பது மாறினால் பொருளே மாறிவிடுகிறது. இன்றைய வேதியியல் இதன் காரணத்தைச் சொல்கிறது.

கூர்க்கன் கிழங்கின் முதன்மையான பொருள் ஃபோர்ஸ்கோலின். 1970களில் பம்பாயில் இயங்கிய ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வு மையமும், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தன. லக்னோ அறிஞர்கள் அதற்குக் கோலியோனால் என்று பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இதன் மூலக்கூறு ஒன்றில் 22 கரி அணுக்களும் 34 ஹைட்ரஜன் அணுக்களும் 7 ஆக்ஸிஜன் அணுக்களும் உள்ளன. டைடெர்பீன் என்னும் பிசின் தன்மை வாய்ந்த சேர்மங்களின் வகுப்பைச் சேர்ந்தது. செடியில் இது பரவலாக இல்லை. வேரின் மேற்பட்டையிலுள்ள தக்கை உயிரணுக்களில், எண்ணெய்த் துளிகளுக்குள் சேமிக்கப்பட்டிருப்பதை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தோலைச் சீவி எறிந்தால் மருந்தின் பெரும்பகுதியை எறிந்தவராவோம்.

காய்ந்த கிழங்கில் ஃபோர்ஸ்கோலின் 1 விழுக்காட்டிற்கும் குறைவே. நன்கு விளைந்த கிழங்கு 100 கிலோவில் ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கலாம். ஆகவே 10 விழுக்காட்டுச் சாறு என்பது கிழங்கை இருபது மடங்கு செறிவாக்கியது. ஊறுகாயாக உண்பதற்கும் மாத்திரையாக உண்பதற்கும் உள்ள தொலைவு இதுவே. 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்னும் வாதம் இவ்விடத்தில் நிற்பதில்லை. கிழங்கு இயற்கையானது, இருபது மடங்குச் செறிவு ஆலையின் செயல்.

ஃபோர்ஸ்கோலின் தண்ணீரில் அநேகமாகக் கரைவதில்லை. மெத்தனால், எத்தில் அசிட்டேட் போன்ற கரிமக் கரைப்பான்களிலேயே கரையும். எனவே கிழங்கை நீரில் கொதிக்கவைத்துக் கஷாயமாகப் பருகுபவர் புட்டியில் உள்ள பொருளைப் பருகுகிறார் என்று கொள்ள இயலாது. பிரேசில் நாட்டினர் இதே செடியின் இலையைப் போல்டோ என்றழைத்து வயிற்றுக் கோளாறுகளுக்கு நீரில் ஊறவைத்துப் பருகுகின்றனர். அந்நீர்ச் சாற்றில் மேலோங்கி நிற்பது ரோஸ்மரினிக் அமிலம்; துளசி, புதினா ஆகியவற்றிலும் காணப்படும் பொருள் அது. ஒரே செடி, நீர் ஒன்றை எடுக்கிறது, கரைப்பான் மற்றொன்றை எடுக்கிறது. 'இந்த மூலிகை நல்லது' என்று பொதுவாகச் சொல்வதற்குப் பொருளில்லை. எப்பகுதி, எதில் கரைத்தது, எவ்வளவு என்று கேட்ட பின்னரே பேச வேண்டும்.

உயிரணுவின் வாயிலில்

உடலில் இப்பொருள் செய்வது என்ன? அச்சமோ உழைப்போ நேரும்போது அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. அஃது உயிரணுவினுள் நுழைவதில்லை. வாயிலில் நிற்கும் ஏற்பியைத் தட்டுகிறது. ஏற்பி தன் அருகிலுள்ள தூதனிடம் செய்தியைச் சேர்க்கிறது. தூதன் அடினைலேட் சைக்ளேஸ் என்னும் நொதியை எழுப்புகிறான். அந்நொதி உள்ளிருக்கும் ஏடிபி மூலக்கூற்றைச் சுழல் ஏஎம்பி என்னும் பொருளாக மாற்றுகிறது. வாயிலில் கேட்ட செய்தியை வீட்டினுள் எங்கும் பரப்புவது இந்தச் சுழல் ஏஎம்பியே. இவ்வொழுங்கினைக் கண்டறிந்த ஏர்ல் ஸதர்லாண்ட் 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

ஃபோர்ஸ்கோலின் வாயிலைத் தட்டுவதே இல்லை. நேரே சென்று நொதியைப் பற்றி எழுப்பிவிடுகிறது. 1981இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஸீமன், பாட்ஜெட், டேலி ஆகிய மூவரும் இதனை வெளியிட்ட பின்னர், உலகெங்கும் உள்ள உயிரியல் ஆய்வகங்களில் இப்பொருள் இன்றியமையாத கருவியாயிற்று.

சுழல் ஏஎம்பி எல்லா உறுப்புகளிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இதயத் தசையின் சுருக்கத்தை வலுவாக்கும், இரத்த நாளத்தை விரித்து அழுத்தத்தைத் தாழ்த்தும், மூச்சுக்குழலைத் தளர்த்தும், இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும், கொழுப்பணுவில் கொழுப்பைக் கரைக்கும். கண்ணின் உள்ளழுத்தத்தைக் குறைப்பதாக 1983இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இத்தனை பயன்களும் ஒரே பொருளிடமா என்று விளம்பரம் வியக்கிறது. வியப்பதற்கு முன் அஞ்ச வேண்டும். எல்லா வாயில்களையும் ஒரே நேரத்தில் திறக்கும் சாவியை வீட்டுக்காரர் விரும்புவாரா?

இதனை மருந்தாக்க விழைந்தோர் கிழங்கின் சாற்றைக் கொடுத்துவிடவில்லை. ஜப்பானியர் ஃபோர்ஸ்கோலினின் கட்டமைப்பைச் சிறிது மாற்றி, நீரில் கரையும் கோல்ஃபோர்சின் டாரோபேட் என்னும் மருந்தை ஆக்கினர். கடுமையான இதயச் செயலிழப்புக்கு, மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில், நரம்பு வழியே செலுத்துவதற்கு 1999இல் அஃது ஒப்புதல் பெற்றது. புட்டியில் 'இதயத்திற்கு வலு' என்று அச்சிட்டிருப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சொல்லாமலே விளங்கும்.

இப்னு ஸீனாவின் அளவுகோல்

ஹிஜ்ரி 428இல் (1037) மறைந்த இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில், அனுபவத்தின் வழியே ஒரு மருந்தின் குணத்தை அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை விதித்துள்ளார். அவற்றின் கருத்தை நம் சொற்களில் தருகிறோம். மருந்தில் புறத்திலிருந்து வந்தேறிய தன்மை எதுவும் இருத்தலாகாது. பல நோய்கள் கலந்தவரிடமன்றித் தனி நோயுடையவரிடம் சோதிக்க வேண்டும். ஒன்றற்கொன்று மாறான இருவகை நோய்களிலும் சோதிக்க வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஈடாக வேண்டும். ஆகவே சிறிதளவில் தொடங்க வேண்டும். அது செயற்படும் காலத்தைக் கவனிக்க வேண்டும். விளைவு எப்போதுமோ பெரும்பாலுமோ ஒரே சீராக நிகழ வேண்டும். இறுதியாக, மனித உடலிலேயே சோதிக்க வேண்டும். சிங்கத்தின் மீதோ குதிரையின் மீதோ சோதித்தது மனிதனுக்குச் சான்றாகாது.

கூர்க்கன் சாற்றை இந்நிபந்தனைகளில் சிலவற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

முதலாவது, தூய்மை. 10 விழுக்காடு ஃபோர்ஸ்கோலின் என்றால் எஞ்சிய 90 விழுக்காடு என்ன? ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு இச்சாற்றைக் கொடுத்தபோது, அளவு கூடக்கூடக் கல்லீரல் பாதிப்பும் கூடிற்று. தூய ஃபோர்ஸ்கோலினை மட்டும் கொடுத்தபோதோ அப்பாதிப்பு அவ்வாறு ஏற்படவில்லை. இம்முடிவு 2013இல் வெளிவந்தது. கல்லீரலைத் தாக்கியது புட்டியின் மேல் பெயர் எழுதப்படாத அந்த மீதிப் பகுதி என்றே கொள்ள நேர்கிறது. இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் மருந்தின் செயலை இச்சாறு எலிகளில் தளர்த்தியதாக 2012இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. கல்லீரல் நொதிகளைத் தூண்டி அம்மருந்தை விரைவில் அழித்துவிடுவதே காரணம். தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் ஃபோர்ஸ்கோலின் ஒரு பக்கம் இழுக்க, சாற்றின் பிற பகுதி மறுபக்கம் இழுக்கிறது.

ஆறாவது, சீரான விளைவு. இச்சாற்றை உடற்கட்டுக்குப் பயன்படுத்தும் முறைக்கு, கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் நிறுவனம் கண்ட முஹம்மது மஜீதும் அவர்தம் குழுவினரும் 1998இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். 2005இல் இரண்டு சோதனைகள் வெளிவந்தன. ஒன்றில் பருத்த உடலுடைய ஆடவர் 30 பேர், 12 வாரங்கள். பாதிப் பேருக்கு 250 மில்லிகிராம் சாறு நாளைக்கு இருமுறை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சாறு உண்டோரின் உடற்கொழுப்பு குறைந்தது. எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. மற்றொன்றில் பெண்கள் 23 பேர், அதே 12 வாரங்கள், கொழுப்பு குறையவில்லை. இவ்விரு சிறு சோதனைகளை மட்டும் கொண்டு 'பெரும்பாலும் நிகழ்கிறது' என்று சொல்ல இப்னு ஸீனா ஒப்பியிருக்கமாட்டார்.

ஏழாவது நிபந்தனை இரு பக்கமும் வெட்டும் வாள். எலியின் மீது கண்ட நன்மை மனிதனுக்குச் சான்றாகாது எனின், எலியின் மீது கண்ட தீமையும் அவ்வாறே. ஆயினும் நன்மையை நம்புவதற்கும் தீமைக்கு அஞ்சுவதற்கும் சான்றின் அளவு ஒன்றன்று. ஐயம் உள்ள இடத்தில் விலகி நிற்பதே பேணுதல். ஜப்பான் அரசு அவ்வாறே செய்தது. 2020 ஜூன் முதல், உணவுப் பொருள்களில் சேர்க்கும்போது தனிக் கவனம் வேண்டும் எனக் குறித்த 4 மூலப்பொருள்களில் இக்கிழங்கையும் ஒன்றாக வைத்தது. உண்டவர்க்குக் கேடு நேர்ந்ததாகத் தெரியவந்தால் விற்பவர் அதனை அரசுக்கு அறிவித்தாக வேண்டும்.

வயலில் நிற்பவர்

நிற்க. இக்கிழங்கின் கதை உண்பவரோடு முடிவதில்லை. கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட இச்சமவெளி, குச்சிக்கிழங்கு என்று இப்பகுதியினர் வழங்கும் மரவள்ளிக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. அதற்கு மாற்றாக வந்த பயிர் மருந்துக்கூர்க்கன். கொடியின் நுனித் தண்டுகளை நறுக்கிப் பார்களில் நட்டு, ஆறு மாதம் கழித்துக் கிழங்கைத் தோண்டி, சீவல்களாக நறுக்கி வெயிலில் உலர்த்த வேண்டும். வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் இதன் பகைகள். உள்ளூர்ச் சந்தையில் இதை வாங்குவார் இல்லை. வாங்குபவருடன் முன்னரே செய்துகொள்ளும் ஒப்பந்தமே விவசாயிக்கு உள்ள ஒரே சந்தை.

நம் தமையனாரின் நண்பர் ஒருவர் இரண்டு ஏக்கரில் இதனைப் பயிரிட்டார். முதலாண்டில் நல்ல விலை கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் கிழங்கு உலர்ந்து மூட்டையான பின்னர், இடைநின்ற தரகர் ஒருவர் சத்துக் குறைவு என்று கூறிப் பாதி விலையே தந்தார். சத்து எவ்வளவு என்று அளந்த தாளைக் காட்டச் சொன்னதற்கு மறுமொழி இல்லை. நண்பர் இப்போது மக்காச்சோளம் போடுகிறார். வாங்குபவரிடம் அளவைக் கருவி இருந்து, விற்பவரிடம் இல்லாதபோது நடப்பது வணிகமன்று. அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வதைக் கடிந்துரைக்கும் மார்க்கம் நம்முடையது. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறே விலையை முடிவு செய்யும் காலத்தில், அதனை அளந்த தாளும் ஒரு தராசுதான். விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து, பொது ஆய்வகம் ஒன்றில் மாதிரியைச் சோதித்துத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவதே இதற்கு வழி.

மற்றொன்றும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2017இல் கோபன்ஹேகன் அறிஞர்கள், இச்செடி ஃபோர்ஸ்கோலினை ஆக்கும் படிகள் அனைத்தையும் கண்டு, அதற்குரிய மரபணுக்களை ஈஸ்ட்டில் பொருத்தி, அதையே ஃபோர்ஸ்கோலினை ஆக்கச் செய்தனர். அன்று கிடைத்தது லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவே. அது பெருகுமாயின் வயலுக்குப் போட்டியாகத் தொட்டி வந்து நிற்கும். ஃபோர்ஸ்கால் கப்பலேறிய நகரிலிருந்தே, அவர் பெயர் தாங்கிய பொருள் செடியின்றிப் பிறந்திருக்கிறது.

தமையனாருக்குச் சொன்னது

மறுநாள் தமையனாரை அழைத்துக்கொண்டு அவர் வழக்கமாகக் காட்டும் மருத்துவரிடம் சென்றோம். அவர் புட்டியைப் படித்துவிட்டு, "நான் கொடுத்திருக்கும் மாத்திரையும் இரத்தக் குழாயை விரிக்கும், இதுவும் அதையே செய்யும். இரண்டையும் சேர்த்து உண்பதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே, பாய்" என்று கேட்டார். புட்டி நின்றது. இரு வாரங்களில் கிறுகிறுப்பும் நின்றது. கிழங்குச் சாற்றினால்தான் அது வந்தது என்று நாம் உறுதி கூறவில்லை. ஒருவரிடம் ஒருமுறை நிகழ்ந்தது சான்றாகாது என்பதை மேலே நாமே எழுதியிருக்கிறோம். பல நோய் உள்ளவரிடம் சோதிப்பது முறையன்று என்பதையும் எழுதியிருக்கிறோம். நன்மைக்கு வைத்த அளவுகோலைத் தீமைக்கும் வைப்பதே நேர்மை.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்னும் பொருள்பட வந்த நபிமொழியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்னும் கருத்தமைந்த மற்றொரு நபிமொழியும் உண்டு. அதனைக் கேட்பது அரிது. அன்போடு புட்டி வாங்கி வரும் மருமகனும், 'உண்ணலாம்' என்று சொல்லிவிடும் ஆலிமும் அப்பொறுப்பிலிருந்து முற்றும் நீங்கியவர் ஆகார். ஆகவே எவரேனும் மூலிகைப் புட்டி ஒன்றைக் காட்டி ஹலாலா என்று கேட்டால், இப்போது நாம் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறோம். செடியின் சரியான பெயர் என்ன? எந்தப் பகுதியை எதில் கரைத்து எடுத்தது? ஒரு வேளைக்கு எவ்வளவு? வேறு என்ன மருந்துகள் உண்டு வருகிறீர்கள்? நான்காவது கேள்விக்கு விடை உள்ளவரிடம், கிதாபைப் புரட்டுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் இப்புட்டியைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று கூறி அனுப்புகிறோம்.

வல்லாஹு அஃலம்.